நீ உடைத்த டிவியும் நீ உடைத்த என் கையும்

பாஸ்கரா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. இது நீ உடைத்த கை. மழை பிடித்தால் இன்றைக்கும் மணிக்கட்டு குடைகிறது. ஒரு பக்கம் எழுதினால் கொஞ்ச நேரம் உதறிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போக முடிகிறது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறந்ததும் "ஆரம்பிச்சிட்டியா? வையிம்மா போன" என்று கட் பண்ணிவிட்டாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. வேண்டுமானால் கிழிக்கலாம். கிழிப்பதில் நீ இப்போது பெரிய ஆளாகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். கிழித்துக்கொள், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

உன் மகள் யாழினி இங்கேதான் இருக்கிறாள். உன் பெண்டாட்டி செல்வி அவளைத் திருபுவனையிலிருந்து பஸ் ஏற்றி, திருக்கனூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். குழந்தையின் கீழுதட்டில் தையல். வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியை ஓரமாக ஊற்றிக் குடிக்கிறாள். வந்த அன்றைக்கு அழவே இல்லை. என் காதுக்கிட்டே வந்து, "ஆயா, உங்க வூட்டு டிவி ஓடுதா? யாருனா ஒடச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். அதைக் கேட்டபோது நீ என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் முப்பது வயதைத் தாண்டிய மகன் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன், விளக்குமாற்றால் நாலு போட்டிருப்பேன்.

செல்வி நடந்ததைச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்தாய். பக்கத்து வீட்டுக்காரி தெருவிலேயே உன்னை மடக்கி, "உன் பொண்ணு எம்புள்ள நெஞ்சு மேல ஏறி உக்காந்து குத்துறா, டிவியப் பாத்துப் பாத்து ரவுடியாயிட்டா" என்று கத்தினாள். நீ உள்ளே போய் மாடிப்படிக்கு அடியில் இருந்த கடப்பாரையை எடுத்தாய். டிவி தூள் தூளானது. அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக முதுகோடு பிடித்துக் கிழித்தாய். தடுக்க வந்த செல்வியைச் சுவரில் தள்ளினாய். பிறகு குழந்தையை அறைந்தாய். அவள் கட்டில் விளிம்பில் போய் மோதி விழுந்தாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்பார்கள். நீ எலியைக்கூடப் பார்க்கவில்லை, யாரோ சொன்னதைக் கேட்டே கொளுத்திவிட்டாய். இவ்வளவும் செய்துவிட்டு என்னிடம் போனில், "பள்ளிக்கூடம் போவாத புள்ளைக்கு டிவியும் பொஸ்தகமும் ஒரு கேடா? டிவி பாத்து எவன்மா உருப்பட்டான்?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய்.

நீ உருப்பட்டாயடா. வேறு எவனை நான் தேட வேண்டும்?

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. எட்டு வயதில் நீ பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாய். வாத்தியார் ஒருத்தர் உன்னைப் படிக்கச் சொல்லி, நீ திக்கினாய் என்று ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் அடித்தார். அடிக்க அடிக்க இன்னும் திக்கினாய். கால்சட்டை நனைந்து, மொத்த வகுப்பும் சிரித்தது. மறுநாளிலிருந்து அந்த வாசலைப் பார்த்தாலே வாந்தி எடுத்தாய். உன் அப்பாவுக்கு அது புரியவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உன்னைத் தென்னை மரத்தில் மாட்டுக் கயிறு போட்டுக் கட்டினார். மரத்தில் செவ்வெறும்பு. நீ கத்திய கத்தலில் கரும்புக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த நான் அருவாளோடு ஓடி வந்தேன். கயிற்றை அறுத்தேன். "இன்னொரு வாட்டி எம்புள்ளயக் கட்டுனா, கட்டுன கைய வெட்டிப் போடுவேன்" என்று அதே அருவாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவரைத் திருமணம் செய்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்ததில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப ஆடு மேய்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ ஆடு மேய்த்தாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் சித்தப்பா ஏழுமலை அந்த டிவியைக் கொண்டுவந்தான். வில்லியனூரில் பழைய பேப்பர் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானே, அங்கே யாரோ போட்டுவிட்டுப் போன டிவி. படம் நின்று போனால் மண்டையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். மண்டையில் தட்டினால் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான், நீயும் நானும் இல்லை. டிவியோடு புத்தகமும் வந்தது. கடைக்கு எடைக்கு வந்ததில் படம் இருப்பதாகப் பார்த்து ஏழுமலை கோணியில் போட்டுக் கொண்டு வருவான். ஒன்றுக்கு அட்டை இருக்காது, ஒன்றுக்கு முதல் பாதி இருக்காது. சிறுவர் கதை, மாட்டு வைத்தியம், வயர்மேன் படிக்கிறவனுக்கான பாடப் புத்தகம், அயல்நாட்டுப் பறவைகள், எது வேண்டுமானாலும் இருக்கும். அவனுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னாடா போட்டுக்கீது இதுல? எனக்குச் சொல்லு" என்று உன் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவான். வாத்தியாருக்கு முன்னால் திக்கிய நீ அவனுக்கு முன்னால் திக்கவில்லை. தெரியாத எழுத்தை எட்டாவது படித்த நான் அடுப்படியிலிருந்து சொல்வேன். கடைசிப் பக்கம் கிழிந்துபோன கதைக்கு நீயே ஒரு முடிவு சொல்லிவிடுவாய். அவன் நம்பிவிடுவான்.

டிவி ஒன்றும் சரஸ்வதி இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். சண்டைப் படம் பார்த்துவிட்டு மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டவன் நீ. வில்லன் பேசுகிற கெட்ட வார்த்தையை உன் மாமன் முகத்துக்கு நேரே சொல்லி வாயில் மிளகாய் வாங்கியவனும் நீதான். ஆனால் நீ பார்த்ததையெல்லாம் எங்களிடம் கேட்பாய். நாங்களும் கேட்போம். பாம்பைப் பற்றி ஏதாவது ஓடினால் மறுநாள் கொல்லையில் சாரைக்கும் நல்ல பாம்புக்கும் வித்தியாசம் காட்டச் சொல்வாய். டிவிக்காரன் சொல்லிவிட்டு ஓடிவிடுவான், புத்தகம் அங்கேயே கிடக்கும், நீ மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொள்வாய். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து "அப்புறம் இன்னாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை அதிலேயே கற்றுக்கொள்ளும். பத்து வயதுக்குள் கொல்லைக்கு எத்தனை மூட்டை உரம் என்று உன் அப்பாவுக்கே கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய்.

அந்த வயர்மேன் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஒருத்தன் கரண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடிப்பான், இன்னொருத்தன் காய்ந்த கட்டையால் அவனைத் தள்ளிவிடுவான். டிவியிலும் அதைப் பற்றி ஏதோ காட்டினார்கள். உனக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 'கரண்டு விளையாட்டு' ஆரம்பித்தாய். ஒருத்தன் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிப்பான், நீ சவுக்குக் கழியோடு ஓடி வந்து கயிற்றைத் தட்டிவிடுவாய். யாராவது கையால் தொட வந்தால் அவர்களுக்கும் கழியால் ஒரு அடி. "தொட்டா நீயும் செத்த" என்று கத்துவாய். "வெளக்கு வெக்கிற நேரத்துல சாவு வெளையாட்டு இன்னாடா வேண்டிக் கிடக்குது?" என்று நான் கரண்டியாலேயே உன்னை ஒன்று போட்டிருக்கிறேன். அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். உனக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னதே நான்தான்.

கரும்பில் காட்டுப்பன்றி இறங்கிய வருஷம் அது. ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் உன் அப்பாவும் செய்தார். மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்துக் கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டினார். பொழுது சாய்ந்தால் சுவிட்சைப் போடுவார், விடிந்ததும் அணைப்பார். தப்பு என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அன்றைக்கு முந்தின நாள் மாலையிலேயே கரண்ட் போய்விட்டது. எப்படியும் வரும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார். விடிந்தும் வரவில்லை. இல்லாத கரண்ட்டை எதற்கு அணைப்பது என்று நினைத்தாரோ, மறந்தேதான் போனாரோ, டீ குடிக்கப் போய்விட்டார்.

நானும் ஏழுமலையும் புல் அறுக்கப் போனோம். திரும்பும்போது என் தலையில் புல்லுக்கட்டு. வரப்பில் கம்பி முழங்கால் உயரத்துக்கு நின்றது. நான் தாண்டத் தயங்கினேன். "கரண்டுதான் நேத்தே பூடுச்சே அண்ணி, பயப்படாத வா" என்று சிரித்துக்கொண்டே அவன் குனிந்து, நான் தாண்டுவதற்காகக் கம்பியைக் கையால் தாழ்த்திப் பிடித்தான். நான் காலைத் தூக்கவில்லை. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

அவன் கத்தவில்லை பாஸ்கரா. கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். விரல்கள் கம்பியை இறுக்கின, பல் கிட்டியது, உடம்பு வில்லாக வளைந்து தண்ணீர் நின்ற வாய்க்காலில் சரிந்தது. தோல் தீய்கிற நாற்றம் வந்தது. எனக்கு அந்தப் படமும் ஞாபகத்துக்கு வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு "ஏழுமல" என்று கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தேன். எனக்குப் பின்னால் ஆட்டோடு வந்துகொண்டிருந்த நீ "தொடாதம்மா, தொடாத" என்று கத்தினாயாம். என் காதில் விழவில்லை. என் கை அவன் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது உன் கழி என் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது.

நான் விழுந்தேன். "அடப் பாவி" என்று உன்னைத் திட்டிக்கொண்டே எழுந்து மறுபடியும் அவனிடம் ஓடினேன். நீ என் முழங்காலில் அடித்தாய். இந்த முறை சகதியில் குப்புற விழுந்தேன். பதினோரு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. அழுதுகொண்டே, மூக்கு ஒழுக, கழியைக் கம்பிக்கு அடியில் கொடுத்து நெம்பினாய். ஒரு தடவையில் வரவில்லை. உன் சித்தப்பாவின் கை கம்பியை விடவில்லை. மறுபடி நெம்பியபோது பிரிந்து வந்தது. அவன் உயிர் அதற்கு முன்பே போயிருந்தது.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? வாய்க்காலில் ஒருத்தன் கிடக்கிறான், நான் கை தொங்க மண்ணில் புரள்கிறேன், நீ கழியோடு நிற்கிறாய். அதற்கு முன்னால் நீ என்னை அடித்ததையும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். "பெத்தவளையே அடிக்கிறான் பாரு, வுடாதீங்கடா அவன" என்று ஒருத்தன் உன் முடியைப் பிடித்தான். அதற்குள் உன் அப்பா வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கையிலிருந்த கழியைப் பிடுங்கி உன் முதுகில் இறக்கினார். நீ சுருண்டு விழுந்தாய். விழுந்த பிறகும் அடித்தார். "கேளுய்யா, மொதல்ல கேளுய்யா" என்று நான் கத்துகிறேன், அழுகையில் அது யாருக்கும் புரியவில்லை. அப்போது அடுத்த கொல்லைக்காரர் கோதண்டம் உன் சித்தப்பாவைத் தூக்கக் குனிந்தார். அடி வாங்கிக்கொண்டே நீ தலையைத் தூக்கி, "தொடாதண்ணா! சுவிட்ச அணைக்கல! கம்பி தண்ணியிலகீது!" என்று கத்தினாய்.

உன் அப்பாவின் கை அப்படியே நின்றது. சுவிட்சு என்ற வார்த்தை யாரையும்விட முதலில் அவருக்குத்தான் உறைத்தது. அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கழியைப் போட்டுவிட்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடினார். ஓடும்போதே ஏழுமலை பெயரைச் சொல்லி ஓலமிட்டார்.

போலீஸ் வந்தது, அவர் உள்ளே போனார், கொஞ்ச காலம் கழித்து வெளியே வந்தார். ஒரு நாள் நீ டிவிக்கு முன்னால் தூங்கிவிட்டாய். உன் முதுகுத் தழும்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் என்னிடம், "கேட்டுட்டாவது அடிச்சிருக்கலாம்டி" என்றார். அதற்கப்புறம் அவர் செத்துப்போகும் வரைக்கும் உன்மேல் கை வைத்ததில்லை. டிவியில் என்ன ஓடினாலும் உன் பக்கத்தில் வந்து உட்காருவார், புரியாவிட்டாலும் உட்காருவார்.

ஊர் மட்டும் உன்னை 'அம்மாவ அடிச்சவன்' என்றே கொஞ்ச காலம் கூப்பிட்டது. குழாயடியில் ஒருத்தி அப்படிச் சொன்னபோது மாவுக்கட்டுப் போட்ட கையோடு குடத்தால் அவள் மண்டையில் போட்டேன். "எம்புள்ள அடிக்கலன்னா இன்னிக்கு எனக்குத் திதிடி" என்று சொன்னேன். பிறகு நீ தனியாகவே பத்தாவது எழுதினாய், ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தாய், கம்பெனியில் சேர்ந்தாய். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் உன்னை நாசமாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல வாத்தியார் கிடைத்தால் யாழினி நாளைக்கே போகட்டும், நானே கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன். கேள்வி கேட்டதற்காக வெயிலில் முட்டி போட வைத்தார்கள் என்று அந்தப் பிள்ளை பொங்கலிலிருந்து போகவில்லை. உனக்கு வாந்தி வந்தது, அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள உன்னைவிடத் தகுதியான அப்பன் இந்தத் தாலுகாவில் உண்டா?

இப்போது நீ கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன், கேள். அன்றைக்கு யாழினி பக்கத்து வீட்டுப் பையன் நெஞ்சில் ஏறிக் குத்தவில்லை. தண்ணீரில் முங்கினவனை வெளியே எடுத்ததும் நெஞ்சை அழுத்தி மூச்சு வரவைப்பதை டிவியில் பார்த்திருக்கிறாள். எப்படி அழுத்துவது என்று அப்புறம் புத்தகத்தில் தேடியிருக்கிறாள். எந்தப் புத்தகம் தெரியுமா? கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பில் உனக்குக் கொடுத்தார்களே, அலமாரியில் போட்டு நீ தொட்டுக்கூடப் பார்க்காத அந்த முதலுதவிப் புத்தகம். அந்தப் பையன் செத்தவனாக நடிக்க ஒப்புக்கொண்டான். அவள் புத்தகத்தில் இருந்தபடி அழுத்தினாள், அவனுக்கு வலித்தது, அழுதுகொண்டு ஓடினான். விளையாட்டுக்கு நெஞ்சை அழுத்தக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். நீ கடப்பாரையை எடுத்தாய். கிழித்ததில் உன் புத்தகமும் போய்விட்டது. அந்தத் துண்டுகளை அவள் பையில் போட்டுக் கொண்டுவந்து, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நெஞ்சுப் படம் இருக்கிற பக்கம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. உன் வீட்டுக் குப்பையில் இருந்தால் எடுத்து வை.

அன்றைக்கு ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு உன்னை என்ன செய்தார்களோ, அதையே நீ உன் மகளுக்குச் செய்திருக்கிறாய். அவர்களுக்காவது ஒன்றும் தெரியாது. உன் முதுகில் தழும்பு இருக்கிறதடா. சட்டையைக் கழற்றும்போதெல்லாம் அது உறுத்தவில்லையா? எனக்கு உன்மேல் கோபம் கொதிக்கிறது. கோபத்தைவிட, இவ்வளவு பட்டும் நீ இப்படி ஆகிவிட்டாயே என்ற வயிற்றெரிச்சல்தான் அதிகம். நீ சும்மா வந்து கையைப் பிடித்து இழுத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டேன். போலீஸைக் கூட்டிவந்தாலும் அனுப்ப மாட்டேன். தென்னை மரத்தடியில் நின்ற அதே பொம்பளைதான் நான், அருவாளும் அதேதான்.

அந்தச் சவுக்குக் கழியும் இங்கேதான் இருக்கிறது. கோழிக் கூண்டுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன், அடுப்புக்குக்கூட எடுக்க மனசு வரவில்லை. நேற்று யாழினி அதை இழுத்துக்கொண்டு வந்து, இது எதற்கு என்று கேட்டாள். இதுவரை யாருக்கும் முழுசாகச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா உன்ன அடிச்சாரா ஆயா?"

"ஆமா, ரெண்டு அடி."

"எதுக்கு?"

"நான் கம்பியத் தொடப் போனேன்ல? தொட்டிருந்தா செத்திருப்பேன். காப்பாத்தத்தான் அடிச்சான்."

அவள் உதட்டுத் தையலை நாக்கால் தடவிக்கொண்டே கழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அப்ப நான் எந்தக் கம்பியத் தொடப் போனேன் ஆயா?"

அப்பா வந்தால் கேள் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. அவள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

உன் அம்மா